இடறினார், எழுந்தார், ஓடுகிறார்

மாப்பிள்ளை போட்டிருந்த பனியனில் மாப்பிள்ளையின் படமே இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. சுற்றி நின்ற இருநூறு பேரும் அதே படத்தை மாட்டிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஊன்றுகோலும் தாடியுமாக அவனே நின்று அவனை முறைத்தான். படத்துக்குக் கீழே சிவப்பு எழுத்தில், ‘இடறினார், எழுந்தார், ஓடுகிறார்’. முதுகில், ‘உங்கள் கவனம், உங்கள் கால்’. இரண்டு வாசகமும் மேனேஜர் சொந்தமாக யோசித்தவை. அதற்காக இரண்டு நாள் லீவு போட்டாராம்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி அது. மாப்பிள்ளை அதில் பன்னிரண்டு வருஷமாக மெக்கானிக். எட்டாவது வருஷம், கூட வேலை பார்த்தவனின் தங்கையைக் கட்டிக்கொண்டான். அன்றிலிருந்து மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளை, அந்தக் கூட்டாளி மச்சான். இதில் மச்சானுக்குத்தான் பாடு அதிகம். லிஃப்ட் குழிக்குள் “டேய், ஸ்பேனரை எட்றா” என்று பழகிய வாய், தங்கை வீட்டில் “என்ன மாப்பிள்ளை, சாப்டீங்களா” என்று மாற வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மரியாதையை மாட்டிக்கொள்வான்.

விபத்து நடந்து பதினோரு மாசம் ஆகிறது. பழைய கட்டடம், அதைவிடப் பழைய லிஃப்ட். பெட்டியின் தலைமேல் ஏறி நின்று வேலை செய்ய வேண்டும். அங்கே இருக்கும் பொத்தான் செத்துப்போயிருந்ததால், மச்சான் உச்சியில் மோட்டார் அறையில் நின்று பெட்டியை நகர்த்துவதாக ஏற்பாடு. இப்படிச் செய்வதற்கு ஒரு முறை உண்டு. கீழே இருப்பவன் “மேலே” என்பான். மேலே இருப்பவன் அதைத் திருப்பிச் சொல்வான். கீழே இருப்பவன் “ஆமா” என்ற பிறகுதான் விரல் பொத்தானைத் தொடும். பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாளும் இது தப்பியதில்லை.

அன்று மாப்பிள்ளை ஒரு காலைப் பெட்டிமேல் வைத்திருந்தான், இன்னொரு காலைத் தரையிலிருந்து எடுக்கவில்லை, வாயைத் திறக்கவே இல்லை. இரும்புக் கயிறு இறங்கும் ஓட்டை வழியாக மோட்டார் அறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. ஃபோனில் வரும் வேடிக்கை வீடியோக்களில் நூறு பேர் சேர்ந்தாற்போல் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. அடுத்த நொடி பெட்டி கிளம்பியது. ஒரே ஒரு அடிதான் ஏறியது. அவன் வலது கால் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் போய்விட்டது.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போயின. உள்ளே ஒரு கம்பி, ஆறு திருகு. மயக்கம் தெளிந்ததும் மாப்பிள்ளை டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, திருகுக்கு வாஷர் போட்டிருக்கிறீர்களா என்பது. மருந்தின் வேகம் இன்னும் இறங்கவில்லை என்று டாக்டர் எழுதிக்கொண்டார்.

மறுநாள் கட்டிலருகே மச்சான் கம்பெனிக் காகிதத்தோடு வந்து நின்றான். ‘விபத்து எப்படி நேர்ந்தது’ என்ற கட்டத்துக்குமேல் அவன் பேனா கால்மணி நேரமாக அந்தரத்தில் நின்றதே தவிர, இறங்கவில்லை. கதவுக்கு வெளியே மாப்பிள்ளையின் மனைவி அழுதுகொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் மாமியார், இடுப்பில் மச்சானின் கைக்குழந்தை. மாப்பிள்ளைதான் சொன்னான், “கால் இடறிடுச்சுன்னு எழுது.” மச்சான் எழுதினான். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. சிரிப்புச் சத்தம் கேட்டதை மாப்பிள்ளை சொல்லவில்லை. மச்சானும் எதையும் விசாரிக்கவில்லை.

அதற்குப் பதிலாக மச்சான் உழைத்தான். லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்று மாடி. பிசியோதெரபிக்காக வாரம் மூன்று நாள் மாப்பிள்ளையை முதுகில் சுமந்து இறக்கினான், ஏற்றினான். குளிப்பாட்டினான். நகம் வெட்டிவிட்டான். பிசியோதெரபிஸ்ட் சொல்வதையெல்லாம் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டான். “எங்கண்ணன் மாதிரி ஒருத்தன் யாருக்குக் கிடைப்பான்” என்று மனைவி தினம் ஒருமுறை சொல்வாள். மாப்பிள்ளை தலையாட்டுவான். பதினோரு மாசத்தில் அவன் உடம்பிலேயே அதிகம் உழைத்தது கழுத்துத்தான்.

உட்கார முடிந்ததும் கம்பெனி அவனை அவசர அழைப்பு அறையில் போட்டது. ஜன்னல் இல்லாத அறை, ஒரு நாற்காலி, ஒரு ஃபோன். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே இருக்கும் பொத்தானை அழுத்தினால் இங்கே மணி அடிக்கும். மூச்சு முட்டுகிறது என்பார்கள். காற்று வரும், பயப்படாதீங்க, கதவை நெம்பாதீங்க, பத்து நிமிஷத்தில் ஆள் வரும் என்று அவன் நிதானமாகச் சொல்வான். ஒரு பெரியவர், உங்க குரல் ரொம்ப ஆறுதலா இருக்கு தம்பி, நீங்க எங்கேருந்து பேசறீங்க என்று கேட்டார். மாப்பிள்ளை நான்கு சுவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, உங்களை மாதிரித்தான் சார் என்றான்.

அந்த நாற்காலியும் தற்காலிகம்தான். அடுத்த மாசம் அங்கே ஒரு இயந்திரம் வருகிறது. ‘பயப்படாதீர்கள். பயமாக இருந்தால் ஒன்றை அழுத்தவும்’ என்று அதுவே சொல்லிவிடும்.

அப்போதுதான் மேனேஜருக்கு ஓட்டப் பந்தய யோசனை வந்தது. கம்பெனியின் பாதுகாப்பு தினத்தன்று ஐந்து கிலோமீட்டர். மாப்பிள்ளை நாற்பத்தைந்து நிமிஷத்துக்குள் முடித்தால் தகுதிச் சான்று, திங்கட்கிழமை பழைய வேலை, பழைய ஜோடி, பழைய குழி. முடிக்காவிட்டால்? மேனேஜர் அந்தப் பகுதியைச் சோகமான முகத்தாலேயே சொல்லிவிட்டார். கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அன்று வீட்டுக்குக் கூட்டிப்போகும்போது, வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுச் சொன்னான்:

“நீங்க பழையபடி வந்துட்டா, அது நடக்கவே இல்லைன்னு ஆயிடும் மாப்பிள்ளை.”

மாப்பிள்ளை தலையாட்டினான்.

இருட்டுக்கோ உயரத்துக்கோ அவன் பயப்படவில்லை. குழி அவனுக்கு இன்னொரு வீடு. அவன் பயந்தது மச்சானின் கட்டைவிரலுக்கு. டிவி பார்க்கும்போது ரிமோட்டை அழுத்தும் அந்த விரலைப் பார்த்தாலே அவன் வலது கால் தானாகச் சோபாவுக்கு மேல் ஏறிக்கொள்ளும். காலில் குளிர் ஏறுதா என்று மாமியார் கேட்டு, ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ் பின்னிப் போட்டுவிட்டாள்.

வேறு ஜோடி கேட்கலாம். ஏன் என்பார்கள். ஏன் என்று சொன்னால் மச்சானின் வேலை போகும், அதோடு மனைவியின் அண்ணனும் போவான். சொல்லாமல் குழியில் இறங்கினால் ஒவ்வொரு நாளும் மண்டைக்கு மேலே அந்தக் கட்டைவிரல். ஆகவே மாப்பிள்ளை மூன்றாவது வழி கண்டுபிடித்தான். நாற்பத்தாறு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் தோற்றால் போதும். கால் முடியவில்லை, பாவம் என்பார்கள். யார்மேலும் பழி இல்லை. மின்விசிறி ரிப்பேர் கடையில் ஆள் தேவை என்று விசாரித்தும் வைத்திருந்தான்.

கால்தான் ஒத்துழைக்கவில்லை. அது அநியாயத்துக்குத் தேறியிருந்தது. காலைப் பயிற்சியில் மெதுவாக, மெதுவாக என்று நினைத்து ஓடினாலும் நாற்பத்தொரு நிமிஷத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. மச்சான் கடிகாரத்தைக் காட்டிக் குதித்தான். அன்றே மாப்பிள்ளை முடிவு செய்தான். நொண்ட வேண்டியதுதான்.

பந்தயம் காலை ஆறரைக்குத் தொடங்கியது. இருநூறு மாப்பிள்ளைகள் குபுகுபுவென்று முன்னால் ஓடினார்கள். நிஜ மாப்பிள்ளை கடைசியில். அவன் வலப்பக்கம் மச்சான், கழுத்தில் நிறுத்துக் கடிகாரத்தோடு. முதுகுக்குப் பின்னால் பத்தடியில் ஒரு ஆம்புலன்ஸ். கம்பெனி அவனுக்கென்றே பிடித்திருந்தது. அது அவன் ஓடினால் ஓடும், நடந்தால் நகரும். உள்ளே மனைவி தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாள். முன் சீட்டில் மாமியார். மாப்பிள்ளைக்கு உற்சாகமாக இருக்கட்டும் என்று டிரைவரிடம் சொல்லி, அவ்வப்போது சைரனைப் போடச் செய்தாள். கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி தூக்கி எட்டிப் பார்த்தார்கள். யாரையோ ஆஸ்பத்திரிக்கு ஓடவிட்டே கூட்டிப்போகிறார்கள் என்று ஒருவர் சொன்னது அவன் காதில் விழுந்தது.

சாலையின் இரண்டு பக்கமும் கயிறு கட்டியிருந்தார்கள். பின்னால் வண்டி. பக்கத்தில் மச்சான். ஓரமாக ஒதுங்கி ஒரு நிமிஷம் நிற்கலாம் என்றால்கூட இடமில்லை.

“ரெண்டு கிலோமீட்டர், பதினாறு நிமிஷம். அபாரம் மாப்பிள்ளை,” என்றான் மச்சான்.

மூன்றாவது கிலோமீட்டர்ப் பலகை வந்ததும் மாப்பிள்ளை வேலையைத் தொடங்கினான். முதலில் முகத்தைச் சுளித்தான். பிறகு ஒரு ‘ஸ்ஸ்’. பிறகு வலது காலை அழுத்தி ஊன்றி, இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, இழுத்து இழுத்து நடந்தான். கண்ணாடி முன்னால் இரண்டு வாரம் பழகிய நொண்டல். ஆம்புலன்ஸுக்குள் மனைவி “ஐயோ” என்றாள். மாமியார் சைரனை நிறுத்தச் சொன்னாள்.

மச்சான் பதறவில்லை. பத்துப் பன்னிரண்டு எட்டு கூடவே வந்தான். கண் கீழே, மாப்பிள்ளையின் பாதங்களில் இருந்தது.

“எந்தக் கால் மாப்பிள்ளை?”

“வலது.”

“வலதா?”

“வலதுதான். திருகு இருக்கிற இடம்.”

மச்சான் இன்னும் நான்கு எட்டு பார்த்தான். பிறகு ஆம்புலன்ஸ் பக்கம் திரும்பி, ஒண்ணுமில்லை, தசை பிடிப்பு, கொஞ்சம் பின்னால வாங்க என்று கை காட்டினான். வண்டி பின்தங்கியது. பின்தங்கியதும் குரலைத் தாழ்த்தினான். மரியாதை எங்கோ கழன்று விழுந்திருந்தது.

“டேய். நடிக்கிறடா நீ.”

மாப்பிள்ளை நொண்டிக்கொண்டே இருந்தான்.

“வலிக்கிற கால்ல எவனும் நிக்க மாட்டான். பட்டதும் எடுத்துடுவான். நல்ல கால்லதான் அதிக நேரம் நிப்பான். நீ வலதுல குடியிருக்க, இடதைத் தூக்கித் தூக்கி வைக்கிற. நோட்ல ரெண்டாம் பக்கம் இருக்குடா இது. உன்னை வச்சுத்தான் எழுதினேன்.”

பதினோரு மாசம் பிசியோதெரபி செய்துகொண்டது மாப்பிள்ளை. பாடம் படித்தது மச்சான். கண்ணாடி இதைச் சொல்லவில்லை. மாப்பிள்ளை அடுத்த எட்டில் காலை மாற்றலாமா என்று ஒரு கணம் யோசித்தான். பிறகு நொண்டுவதை நிறுத்திவிட்டு நேராக நடந்தான்.

“கால் நல்லா இருக்கு,” என்றான்.

“அப்புறம் ஏன்டா?”

மூன்று விளக்குக் கம்பம் கடந்தது. நான்காவது கம்பத்தில் மாப்பிள்ளையின் வாய் அவனைக் கேட்காமலே திறந்துகொண்டது.

“உன்கூட இறங்க பயமா இருக்கு.”

மச்சான் சிரிக்கப் பார்த்தான். உதடு பாதி வரை போய்த் திரும்பியது. “அன்னிக்கி ஏதோ பட்டன் தானா...” என்று தொடங்கினான். மாப்பிள்ளை அவனைப் பார்க்காமல், சாலையைப் பார்த்துச் சொன்னான்:

“சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. கயிறு ஓட்டை வழியா.”

அதற்குப் பிறகு இருவரும் ஓடவும் இல்லை, நடக்கவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ செய்தார்கள். மச்சானின் கழுத்தில் கடிகாரம் மார்பில் தட்டித் தட்டி ஆடியது. முன்னால் போன இருநூறு முதுகுகளும் திருப்பத்தில் மறைந்துவிட்டிருந்தன. மச்சான் வாயிலிருந்து வந்தது ஒரே கேள்வி.

“ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போடும்போதே தெரியுமா?”

“தெரியும்.”

“நான் உன்னைத் தூக்கிட்டு மாடி ஏறும்போதெல்லாம்?”

“தெரியும்.”

மச்சான் தலையை ஒருமுறை ஆட்டினான். மாப்பிள்ளையின் தலையாட்டலை அவன் கடன் வாங்கியதுபோல இருந்தது. பிறகு திடீரென்று கால்களை நீட்டி ஓட ஆரம்பித்தான். அவன் அப்படி ஓடுவான் என்று மாப்பிள்ளை நினைத்ததே இல்லை. பதினோரு மாசம் இவன் வேகத்துக்குத் தன்னை அடக்கிக்கொண்டு பக்கத்திலேயே வந்தவன், திருப்பத்தில் ஒரு புள்ளியாகிக் காணாமல் போனான்.

ஓடிப்போய்விட்டான் என்றுதான் மாப்பிள்ளை நினைத்தான். போகட்டும் என்றும் நினைத்தான். இனி நொண்ட வேண்டியதுகூட இல்லை. சும்மா நடந்தாலே நாற்பத்தாறு ஆகிவிடும். கைகளை வீசிக்கொண்டு, யாரும் பக்கத்தில் இல்லாமல், பல மாசங்களுக்குப் பிறகு தனியாக நடந்தான். பின்னால் வண்டி மட்டும் உறுமிக்கொண்டு வந்தது. மனைவி ஜன்னலில் தலையை நீட்டி, அண்ணன் எங்கே போனான் என்று கேட்டாள். முன்னாடி போயிருக்கான் என்றான்.

திருப்பத்தைக் கடந்ததும் நேர்ச் சாலை. அதன் கோடியில் எல்லைக்கோடு, வளைவு, பெரிய மின் கடிகாரம். நாற்பத்தொன்று ஐம்பது என்று சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் முந்நூறு மீட்டர். கடிகாரத்துக்குக் கீழே மேனேஜர் கையில் பதக்கத்தோடு நின்றார். அவர் எதிரில் மச்சான். குனிந்து, முழங்காலில் கை ஊன்றி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான். மேனேஜரின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

மாப்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது.

மச்சான் தப்பித்து ஓடவில்லை. சொல்லப்போகிறான். சொன்னால் வேலை போகும். அந்தக் கைக்குழந்தை இப்போதுதான் நடக்கப் பழகுகிறது. மாமியார் எதுவும் தெரியாமல் முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். மனைவி தினம் ஒருமுறை சொல்லும் அந்த வாக்கியத்தை இனி எங்கே கொண்டு வைப்பாள்?

மாப்பிள்ளை ஓடினான். நாற்பத்தாறு, சான்று, குழி எல்லாம் எங்கேயோ உதிர்ந்துவிட்டன. கம்பி இருக்கும் கால் கம்பி இல்லாத காலை முந்தியது. சாலையோரத்தில் நின்றவர்கள் இதைப் பார்த்து மெய்மறந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பனியனில் எழுதியிருந்ததுதான். மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று தாளம் போட்டார்கள். அந்தச் சத்தத்தில், “டேய், சொல்லாதடா” என்று அவன் கத்தியது அவனுக்கே கேட்கவில்லை. தூரத்தில் மச்சான் தன் கட்டைவிரலைத் தூக்கி மேனேஜருக்குக் காட்டினான். பிறகு அந்த விரலால் காற்றில் எதையோ ஒருமுறை அழுத்தினான். மேனேஜரின் கையில் இருந்த பதக்கம் மெதுவாகக் கீழே இறங்கியது.

நாற்பத்து மூன்று நிமிஷம், பதினோரு வினாடியில் மாப்பிள்ளை எல்லைக்கோட்டைக் கடந்தான். யாரோ காகிதத் துணுக்குகளை வீசினார்கள். அவன் நிற்காமல் ஓடிப்போய் மச்சானின் பனியனைக் கொத்தாகப் பிடித்தான். கைக்குள் அவனுடைய சொந்த முகமே கசங்கியது.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்,” என்றான் மச்சான். அழுதிருந்தான். “இப்ப இறங்கலாம்டா நீ. வேற யார்கூடவாச்சும்.”

மேனேஜர் இருவரையும் பார்த்தார். சுற்றி நின்ற இருநூறு பனியன்களையும் பார்த்தார். இரண்டு நாள் லீவு போட்டு யோசித்த மனிதர். அவர் முகத்தில் உண்மையான துக்கம் தெரிந்தது. மாப்பிள்ளையை அருகே அழைத்து, ஏறக்குறைய கெஞ்சும் குரலில் கேட்டார்:

“நீங்க இடறித்தானே விழுந்தீங்க? காகிதத்துல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. யோசிச்சு சொல்லுங்க. இவர் சொல்றது உண்மைன்னா, பொய்யா கையெழுத்துப் போட்டது ரெண்டு பேர்.”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மச்சானுக்குக் களைப்பில் புத்தி தடுமாறிவிட்டது என்பார்கள். பதக்கம் கழுத்துக்கு வரும். திங்கட்கிழமை வரும். ஆம்புலன்ஸ் வந்து பின்னால் நிற்கும் சத்தமும், கதவு திறக்கும் சத்தமும் கேட்டன. மனைவி கேட்டுக்கொண்டு நிற்கிறாள் என்பது திரும்பாமலே தெரிந்தது. மச்சான் தரையைப் பார்த்தபடி கையைக் கட்டி, கட்டைவிரல்களை அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டு நின்றான்.

“உண்மைதான் சார். நான் இடறலை,” என்றான் மாப்பிள்ளை.

மேனேஜர் பதக்கத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமை பத்து மணிக்கு இருவரும் தலைமை அலுவலகம் வர வேண்டும், அதுவரை யாரும் எந்த லிஃப்டையும் தொடக் கூடாது, ஏறிப் போவதானாலும் படியில் போங்கள் என்று சொல்லிவிட்டு, முதல் பரிசு வாங்கக் காத்திருந்தவரிடம் தளர்ந்த நடையில் போனார்.

மனைவி இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். அண்ணனைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். இருவரும் நாக்கு ஒட்ட மூச்சு வாங்கியபடி அவள் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார்கள்.

“ரெண்டு பேருக்கும் தெரியும். பதினோரு மாசம். என்னை நடுவுல உட்கார வச்சு,” என்றாள்.

மச்சான் தங்கையிடம் “பாப்பா...” என்று தொடங்கினான். மாப்பிள்ளை “உனக்காகத்தான்...” என்று தொடங்கினான். இரண்டும் பாதியிலேயே நின்றன. அவள் மூடியைத் திறந்து, தண்ணீரை நிதானமாக, கடைசிச் சொட்டு வரை தானே குடித்தாள். காலி பாட்டிலை அண்ணன் கையில் கொடுத்தாள்.

“வீட்டுக்கு நடந்து வாங்க. ரெண்டு பேரும்.”

அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள். முன் சீட்டில் மாமியார் என்ன நடந்தது, ஜெயிச்சாச்சா என்று கேட்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ஆம்புலன்ஸ் சைரன் இல்லாமல் கிளம்பிப் போனது. வீடு ஐந்து கிலோமீட்டர், அதற்குமேல் மூன்று மாடி. மச்சான் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். மாப்பிள்ளை வந்த வழியே நடக்கத் தொடங்கினான். மச்சான் இரண்டடி பின்னால் வந்தான்.